பந்தியில் உட்காரட்டும்

வணக்கம் சார்,

அடுத்த மாதம் என் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். ஹோட்டல் விருந்துக்குப் பதிலாக, தொழுநோய் பாதித்த குழந்தைகள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றில் மதியச் சாப்பாடு போடலாம் என்றிருக்கிறோம். மகளையே பரிமாறச் சொல்ல ஆசை. என் மாமியாரோ, "அது ஒட்டிக்கிற வியாதி, பச்சப் பிள்ளையக் கூட்டிட்டுப் போகாதே" என்கிறார். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பயம்தான். 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். எப்படிக் கொடுத்தால் உபயோகப்படும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் மாமியாருக்கு. ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் வருகிற நோய் இல்லை இது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகினால்தான் தொற்றும். அப்போதும் பெரும்பாலானோர் உடம்பு அதைத் தாங்கிவிடும். மாத்திரை தொடங்கிவிட்டால் பிறருக்குப் பரவாது. இன்னொன்று, இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு நோயே கிடையாது. தாத்தாவுக்கோ அம்மாவுக்கோ எப்போதோ வந்து குணமாகியிருக்கும். மடங்கிய விரல்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டதால் குடும்பம் தொழுநோயாளர் காலனியில் இருக்கும், பிள்ளை விடுதியில் இருக்கும்.

நோயில்லாத பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே ஒரு காலத்தில் தர்மமாக நடந்தது. 1874இல் தொடங்கிய தொழுநோயாளர் மிஷன் இந்தியாவில் இதற்கென்றே தனி இல்லங்கள் வைத்திருந்தது. மருந்து இல்லாத காலம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் வாசலில் 'தொழுநோயாளர் குழந்தைகள் இல்லம்' என்று பெயர்ப்பலகை மாட்டுகிறவர்களைத்தான் கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பலகைக்குக் கீழே இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் யார் வந்து உட்காருவார்கள்?

நோய் வந்த பிள்ளைகளுக்கு வருகிறேன். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, 1995 முதல் உலகமெங்கும் இலவசம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். ஐந்து தேமல் வரை என்றால் 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம். ஆகவே 'ஒரு குழந்தையின் மாத்திரைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால், எந்த மாத்திரை என்று கேளுங்கள்.

மாத்திரையைச் சுற்றித்தான் செலவு. பல வருடங்களுக்கு முன் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு தாயைச் சந்தித்தேன். மகனுக்கு முதுகில் உணர்ச்சியில்லாத தேமல். மருந்தில் ஒன்றான குளோஃபாசிமைன் தோலைக் கறுக்கடிக்கும். நிறுத்திச் சில மாதங்களில் பழைய நிறம் திரும்பிவிடும். அது யாருக்குத் தெரிகிறது? வகுப்பில் "ஏன்டா இப்படிக் கறுத்துட்ட?" என்று கேட்டிருக்கிறார்கள். பையன் மாத்திரையைத் துப்பத் தொடங்கினான், பிறகு பள்ளியையும் விட்டான். அவனை மறுபடி மருத்துவரிடம் கூட்டிப்போனால் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு, பஸ் காசு தனி. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது பிரியாணி இல்லை.

பிரியாணி போட்டவன்தான் நானும். ஜனவரி 30, காந்தி நினைவு நாள், தொழுநோய் ஒழிப்பு நாளும் அதுவே. ஒரு காலனிக்கு நண்பர்களோடு பொட்டலங்கள் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்பே இரண்டு கோஷ்டி வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தது. பிள்ளைகள் மூன்றாவது முறையாக, மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள். நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டியதில்லை.

உங்கள் 25,000த்தை ஒரே நாளில் கரைக்காதீர்கள். வேலூர் பக்கம் கரிகிரியில் 1955 முதல் இயங்கும் ஆய்வு மையம் போல, இந்த நோய்க்கென்றே உழைக்கும் மருத்துவமனைகள் உண்டு. அப்படி ஓரிடத்தில் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இந்த வருடம் எந்தப் பிள்ளை படிப்பை விடுகிற நிலையில் இருக்கிறது? பதில் ஒரு பாலிடெக்னிக் கட்டணமாக இருக்கலாம். விரல் நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்கு மகளோடு வந்து தங்கும் தாயின் சில வாரக் கூலியாக இருக்கலாம். பாதம் மரத்துப்போன அப்பாவுக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பாகக்கூட இருக்கலாம், அவர் காலில் புண் வராமல் வேலைக்குப் போனால் பிள்ளை பள்ளிக்குப் போகும். பிள்ளையின் பெயரும் படமும் கேட்காதீர்கள். வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது போதும்.

மகளை அவசியம் கூட்டிப்போங்கள், பிறந்தநாள் என்று சொல்லாமல் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பரிமாற வேண்டாம். அந்தப் பிள்ளைகள் பரிமாறட்டும், இவள் பந்தியில் உட்காரட்டும். மாமியாருக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்கள்.