எத்திலீன் ஆக்சைடு 30 சதவீதத்திலேயே நிற்கிறதே?

கேள்வி: டைட்டானியம் வலையில் இரிடியம் ஆக்சைடு பூசி, 1 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் எத்திலீனை எத்திலீன் ஆக்சைடாக்க முயல்கிறேன். இரண்டு அறைக் கலம். அறைக்கு 25 மி.லி., நடுவே எதிரயனிப் பரிமாற்றச் சவ்வு (எதிர்மின்னூட்ட அயனிகளைக் கடக்கவிடும் படலம்). 100 மில்லி ஆம்பியரில் 1 மணி நேரம் ஓட்டி, இரு கரைசலையும் கலந்து அளந்தால் ஃபாரடே திறன் (செலுத்திய மின்னூட்டத்தில் விளைபொருளுக்குப் போன பங்கு) 30% தாண்டவில்லை. பலேடியத்துக்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். பலேடியத்தில் எத்திலீனே உலோகப் பரப்பில் ஒட்டி ஆக்சிஜனேற்றம் அடையும். அசிட்டால்டிஹைடு, எத்திலீன் கிளைக்கால், கார்பன் டை ஆக்சைடு என்று சிதறும். எத்திலீன் ஆக்சைடுக்கு 2 எலக்ட்ரான் போதும். முழுதாக எரியும் ஒரு எத்திலீனோ 12 எலக்ட்ரானை விழுங்கிவிடும்.

உங்கள் கலத்தில் வினையூக்கிக்கு ஒரே வேலை, குளோரைடைக் குளோரினாக்குவது. அந்தக் குளோரினும் நீரும் எத்திலீனோடு சேர்ந்து குளோரோஹைட்ரின் ஆவது கரைசலில். எதிர்மின்வாய் அறையின் காரம் அதை வளையமாக மூடி எத்திலீன் ஆக்சைடாக்குகிறது. ஆகவே கோளாறு எந்தப் படியில் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

எத்திலீன் விடாமல், கலத்தை மூடி, 10 நிமிடம் ஓட்டுங்கள். நேர்மின்வாய்க் கரைசல் முழுவதையும் உடனே பொட்டாசியம் அயோடைடும் அசிட்டிக் அமிலமும் கலந்த நீரில் ஊற்றி, 0.1 மோலார் தயோசல்பேட்டால் தரம்பாருங்கள் (அயோடின் நிறம் மறையும்வரை துளித்துளியாகச் சேர்த்து, செலவை அளப்பது). செலுத்திய 60 கூலும் மின்னூட்டம் முழுவதும் குளோரினுக்கே போயிருந்தால் 6.2 மி.லி. செலவாகும். 5.6-க்கு மேல் வந்தால் பூச்சைக் குறை சொல்ல வழியில்லை. மிகவும் குறைந்தால், மின்னோட்டம் ஆக்சிஜனுக்குப் போகிறது. அதற்காகக் குளோரைடை மிகையாக ஏற்றினால் 1,2-டைகுளோரோஈத்தேன் கூடும். அது வாயுவோடு வெளியேறிவிடுவதால் திரவத்தை மட்டும் அளப்பவர் கண்ணில் படாது.

அடுத்த சந்தேகம் எத்திலீன் மேல்தான். அறை வெப்பத்தில் 25 மி.லி. நீரில் கரைந்து நிற்பது ஏறக்குறைய 0.12 மில்லிமோல். முழுத் திறனில் மணிக்கு 1.87 மில்லிமோல் தேவை. கரைந்தது நான்கே நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாயுவின் வேகத்தைக் கூட்டுவதால் பயன் குறைவு. பெரிய குமிழி மேலே ஓடும்போது குளோரினையும் இழுத்துக்கொண்டு போகும். நுண்துளைக் கண்ணாடி வடிகட்டி வழியே விட்டு, நன்றாகக் கலக்குங்கள். ஓட்டம் முடிந்தபின் ஸ்டார்ச்-அயோடைடு தாள் நீலமானால் எத்திலீன் போதவில்லை என்று பொருள்.

கலப்பதற்கு முன்பே, மீந்த குளோரினைச் சோடியம் சல்ஃபைட்டால் அழித்து, என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) கருவியில் குளோரோஹைட்ரினை அளந்துவிடுங்கள். ஃபாரடே திறனில் அது 70%, கலந்தபின் ஆக்சைடு 30% என்றால் இழப்பு கலப்பதில்தான். எத்திலீன் ஆக்சைடு 10.7° செல்சியஸில் கொதிப்பது. திறந்த குடுவையில் கலந்தால் பறந்துவிடும். பனிக்கட்டியில் வைத்த, மேலே காலியிடம் குறைந்த மூடிய குப்பியில் ஊசி வழியே கலந்து, அன்றே அளவிடுங்கள். தாமதித்தால் கிளைக்காலாகும். சவ்வு ஹைட்ராக்சைடையும் கசியவிடும் என்பதால், கலந்தபின் பி.எச். 11-க்குக் கீழ் இறங்கியிருந்தால் சிறிது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துப் பாருங்கள்.

எல்லாமே புகை வெளியேற்றும் கூண்டுக்குள் நடக்கட்டும். எத்திலீன் ஆக்சைடு புற்றுநோய் உண்டாக்கும். குளோரோஹைட்ரின் தோல் வழியே ஏறும் நஞ்சு. வெளிவரும் குளோரினை உறிஞ்சச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் கொண்ட குடுவை வையுங்கள். எதிர்மின்வாய் ஹைட்ரஜனை அந்தக் குழாயோடு இணைக்காதீர்கள்; குளோரினோடு கலந்தால் வெடிக்கும்.