80 சதவீதம்தான் வாங்கினோம். 100 சதவீதத்தையும் ஏன் காட்ட வேண்டும்?

ஒரு நிறுவனத்தின் 80 சதவீதப் பங்கை வாங்கியிருக்கிறோம், அதன் கணக்கை நம் கணக்கோடு சேர்க்கும்போது ஒவ்வொரு வரியிலும் 80 சதவீதத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. நானும் அந்தத் தவற்றைச் செய்தவன்தான். சிங்கப்பூரில் தணிக்கை வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. தேக்காவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், உட்லண்ட்ஸில் ஒரு மசாலா ஆலையின் 80 சதவீதத்தை வாங்கியிருந்தார். எக்ஸெல் தாளில் ஆலையின் கணக்கு முழுவதையும் 0.8-ஆல் பெருக்கிப் பெருமையோடு மேலாளரிடம் கொண்டுபோனேன். அந்த அக்கா தாளைப் பார்க்கவே இல்லை.

"ஆலையில் எத்தனை லாரி?"

"ஐந்து."

"நம் ஆள் போகச் சொன்னால் நான்குதான் கிளம்புமா?"

ஐந்துமே கிளம்பும். விஷயம் அவ்வளவுதான். குழுமக் கணக்குக்கான சிங்கப்பூரின் கணக்கியல் தரநிலை எஃப்.ஆர்.எஸ். 110 கேட்பது பங்கு எவ்வளவு என்பதை அல்ல, கட்டுப்பாடு யாரிடம் என்பதை. ஆலையை நடத்தும் அதிகாரம், அதன் லாப நஷ்டத்தில் பங்கு, அந்த அதிகாரத்தால் அந்த லாப நஷ்டத்தை மாற்ற முடிவது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் ஐந்து லாரியும் உங்கள் ஐந்தொகைக்கு (பேலன்ஸ் ஷீட்) வரும். மற்றவருடைய 20 சதவீதம் மூலதனப் பகுதியில் சிறுபான்மைப் பங்கு என்று தனி வரியாக நிற்கும்.

வாங்கிய நாள் கணக்கைப் பார்ப்போம். கொடுத்த விலை 10,00,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஏட்டில் ஆலையின் நிகரச் சொத்து, அதாவது சொத்திலிருந்து கடனைக் கழித்தது, 8,00,000; கட்டடத்தின் அன்றைய நியாய மதிப்பு, அதாவது சந்தையில் விற்றால் கிடைக்கும் விலை, ஏட்டில் உள்ளதைவிட 1,00,000 அதிகம். ஆக 9,00,000. (இந்த மதிப்பு உயர்வால் வரும் ஒத்திவைத்த வரியை இங்கே விட்டுவிடுகிறேன்; கணக்கியல் தேர்வு எழுதினால் விட்டுவிடாதீர்கள்.) சிறுபான்மையின் 20 சதவீதம் 1,80,000. கொடுத்ததையும் இதையும் கூட்டி 9,00,000-ஐக் கழித்தால் 2,80,000, அதுதான் நற்பெயர் (குட்வில்), நிகரச் சொத்தின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை. வழக்கறிஞர் கட்டணத்தை இதில் சேர்க்காதீர்கள், அது அந்த ஆண்டின் செலவு. நற்பெயரை ஆண்டுதோறும் தேய்மானம் போடுவதும் இல்லை. மதிப்பு குறைந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கான தரநிலையைப் பின்பற்றுவோர் மட்டும் தேய்க்கிறார்கள்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஆலை 48,000 வெள்ளி அடக்கமான மஞ்சள் தூளைத் தேக்கா நிறுவனத்துக்கு 60,000-க்கு விற்றது. ஆண்டு முடிவில் பாதி மூட்டைகள் கிடங்கில் கிடந்தன. தேக்கா நிறுவனமும் ஆலையும் சேர்ந்த குழுமத்தின் கண்ணில் அது விற்பனையே அல்ல, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றிய சரக்கு. 60,000 முழுவதையும் விற்பனையிலிருந்து நீக்க வேண்டும். கிடங்கில் கிடக்கும் பாதிக்குள் ஒளிந்திருக்கும் 6,000 லாபத்தையும் சரக்கு மதிப்பிலிருந்து வெட்ட வேண்டும். விற்றது ஆலை என்பதால் அந்த 6,000-இல் 1,200 சிறுபான்மையின் பங்கிலிருந்து குறையும். தேக்கா நிறுவனம் ஆலைக்கு விற்றிருந்தால் சிறுபான்மைக்கு இதில் பங்கில்லை. யார் யாருக்கு விற்றார் என்பதை முதலில் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இதைத் தேக்கா முதலாளியிடம் விளக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. மூட்டைகளைக் கையால் தட்டிக் காட்டினார். "தம்பி, ஆலைக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, ரசீது இருக்கிறது. லாபம் மட்டும் எங்கே போனது?"

"மூட்டைக்குள்தான் இருக்கிறது அண்ணே. கடைக்காரர் யாராவது வாங்கிப் போனால் வெளியே வந்துவிடும்."

"அப்படியென்றால் தீபாவளிக்குள் வந்துவிடும்" என்றார்.