ஷோகேஸில் இருந்த இத்தாலிப் போத்தல்

கேள்வி: இத்தாலியில் வேலை செய்யும் தம்பி மூன்று வருசத்துக்கு முந்தி லீவில் வந்தபோது 'மொஸ்காட்டோ தாஸ்தி' என்று ஒரு வைன் போத்தல் தந்தான். நல்ல நாளுக்கு எடுப்போம் என்று ஷோகேஸில் வைத்து, போன நத்தாருக்குத்தான் உடைத்தோம். நுரை பெரிதாக இல்லை, வெறும் இனிப்பு. மாமா ஒரு மடக்கு குடித்துவிட்டு "இது சோடாடா" என்று வைத்துவிட்டார். தம்பியை ஏமாற்றிவிட்டார்களா? இதை எப்படி ருசிப்பது?
- வாசகர், ஹட்டன்

பதில்: தம்பியை யாரும் ஏமாற்றவில்லை. போத்தலைக் கெடுத்தது உங்கள் ஷோகேஸ்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'தாஸ்தி' என்றால் 'அஸ்தியின்' என்று அர்த்தம். அஸ்தி என்றதும் பயப்பட வேண்டாம், அது வட இத்தாலியில் பியமொந்தே பகுதியில் ஓர் ஊர். அந்தப் பக்கத்துக் குன்றுகளில் விளையும் மொஸ்காட்டோ பியாங்கோ என்ற வெள்ளைத் திராட்சையின் சாற்றை மூடிய டாங்கியில் நொதிக்க விட்டு, மதுசாரம் 5 சதவீதம் அளவுக்கு வந்ததும் நன்றாகக் குளிரவைத்து நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். அதனால் திராட்சையின் சீனியில் பெரும்பங்கு அப்படியே தங்கிவிடுகிறது; லீட்டருக்கு 100 கிராமுக்கு மேல் (சீனி வருத்தம் உள்ளவர்கள் மதுசாரம் குறைவுதானே என்று கை நீட்ட வேண்டாம்). வாயுவும் மட்டாகத்தான் இருக்கும், ஷம்பேனில் உள்ள அழுத்தத்தில் பாதிகூட வராது. சாராயம் பழகிய மாமாவுக்கு அது சோடாவாகத் தெரிந்ததில் தப்பில்லை, ஆனால் இதில் போதையைத் தேடினால் கிடைக்காது, தேட வேண்டியது மணத்தை.

அந்த மணம் நமக்குப் புதிதும் இல்லை. மொஸ்காட்டோவின் பூ வாசத்துக்குப் பெரிய காரணமான லினலூல் என்ற பொருள் தேயிலையிலும் இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலையில் வரும் ஒருவகை மணத்தை டீ டேஸ்டர்மார் 'மஸ்கட்டெல்' என்று சொல்வதே இந்தத் திராட்சை இனத்தை வைத்துத்தான். திறந்துபோட்ட தகரத்தில் ஆறு மாதம் கிடந்த பிஓபி தேயிலைத் தூள் எப்படி இருக்கும்? சாயம் இறங்கும், வாசம் இருக்காது. உங்கள் போத்தலுக்கும் அதே கதி. இது வைத்து வைத்துக் குடிக்கிற வைன் இல்லை, ஒன்றிரண்டு வருசத்துக்குள் முடித்துவிட வேண்டும். மணம் போய்விட்டால் மிஞ்சுவது சீனித் தண்ணிதான். ஷோகேஸ் பல்பு வெளிச்சம் வேறு.

சரி, அடுத்த தடவை தம்பியிடம் லேபிளில் கடைசி அறுவடை ஆண்டு போட்ட போத்தலாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஹட்டன் குளிர்தானே என்று வெளியில் வைத்தால் போதாது. பிரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் இருக்கட்டும். கிளாஸில் சோப்பு மிச்சம் இருந்தால் குமிழி அமுங்கிவிடும், நல்ல தண்ணியில் அலசி மூன்றில் ஒரு பங்குக்கு ஊற்றுங்கள். குடிக்குமுன் மூக்கை உள்ளே விட்டு மணந்து பாருங்கள், தோடம்பூ, கனிந்த பெயார்ஸ், கொஞ்சம் தேன் என்று ஒவ்வொன்றாக வரும். அப்புறம் பேக்டரியில் டீமேக்கர் கரண்டியிலிருந்து 'சர்ர்' என்று காற்றோடு உறிஞ்சுவாரே, அதையே செய்யுங்கள், வெட்கப்படாமல். காற்றோடு போனால்தான் வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். அவரைப் போலத் துப்ப வேண்டியதில்லை.

தொட்டுக்கொள்ள நத்தார் லவ் கேக்கை வைக்காதீர்கள், வைனைவிட இனிப்பான எதைத் தின்றாலும் வைன் நாக்குக்குப் புளிப்பாகத் தெரியும். என்னைக் கேட்டால் செத்தல் மிளகாய் தூக்கலாகப் போட்ட பருப்பு வடை. மதுசாரம் குறைவு என்பதால் நாக்கை எரிக்காது, இனிப்பு காரத்தைத் தணிக்கும், வாயு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடும். இனிப்புதான் வேண்டுமென்றால் நுவரெலியா ஸ்ட்ரோபரி, சீனி தூவாமல்.

கேள்வி: மிச்ச வைன் போத்தலின் வாயில் வெள்ளிக் கரண்டியைச் செருகி வைத்தால் வாயு போகாதாமே, உண்மையா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: பொய். செருகினாலும் செருகாவிட்டாலும் வாயு போகிற வேகத்தில்தான் போகும். இறுக்கமான மூடி போட்டு, பிரிட்ஜில் நிமிர்த்தி வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள். கரண்டி சாப்பாட்டு மேசைக்குப் போகட்டும்.