விதை எடுத்து வைக்கும் உரிமை

கேள்வி: வீரிய ஒட்டு ரகத்தில் விளைந்ததையே எடுத்து வைத்து விதைத்தால் விளைச்சல் படுத்துவிடுகிறது. கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே ஏதாவது செய்துவிடுகிறார்களா?

பதில்: இல்லை. பயிர் இனப்பெருக்கம்தான் என் தொழிலாக இருந்தது, அதனால் உறுதியாகச் சொல்கிறேன். தாய் வரிசை, தந்தை வரிசை (வரிசை என்றால் ஒரே வம்சத்துச் செடிகள்) இரண்டையும் பல தலைமுறை தன் மகரந்தத்தாலேயே சேர்த்துச் சீராக்கிய பிறகுதான் ஒன்றோடொன்று கலக்கிறோம். முதல் தலைமுறை ஒரே மாதிரி எழுந்து நிற்கும். அடுத்ததில் குணங்கள் பிரிந்து செடிக்குச் செடி மாறிவிடும். மெண்டல் கண்ட விதி அது. விதையையே மலடாக்கும் தொழில்நுட்பத்துக்கு 1998-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள் என்பது உண்மை. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியதால் அது சந்தைக்கு வரவில்லை.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 1908-ல் அமெரிக்கத் தாவர விஞ்ஞானி ஜார்ஜ் ஷல் மக்காச்சோளத்தில் இந்த ஒட்டு வழியைக் காட்டினார். 1926-ல் ஹென்றி வாலஸ் ஒட்டு மக்காச்சோள விதைக்கென்றே கம்பெனி தொடங்கினார். அதுவரை விதை வியாபாரத்துக்குப் பெரிய போட்டி, விவசாயி தானே எடுத்து வைத்த விதைதான். ஒட்டு ரகம் வந்ததும் அந்தப் போட்டி ஒழிந்தது, வருஷா வருஷம் வாங்க ஆள் கிடைத்தது. முதலீடும் அங்கேயே போயிற்று. எடுத்து வைத்து விதைக்கக்கூடிய மக்காச்சோள ரகங்களைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் வேலை பின்தங்கிப்போனது. அந்த வழியிலும் விளைச்சலைக் கூட்ட முடியும். அதற்குப் போதிய பணம் போடாமல் விட்டது மனிதர்களின் முடிவு, இயற்கையின் குற்றமில்லை.

தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களான கோதுமை, சோயா போன்றவற்றில் இயற்கை கம்பெனிக்கு இப்படிக் காவல் நிற்பதில்லை. அங்கே சட்டம் வந்தது. 1961-ல் பாரிஸில், புது ரகத்தை உருவாக்கியவரின் உரிமையைக் காக்கும் யூபோவ் என்ற சர்வதேச ஒப்பந்தம். 1991 திருத்தத்தில், விதை எடுத்து வைக்கும் விவசாயி மீது பிடி இறுகியது. 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தானியக் கிடங்கில் காப்புரிமை உள்ள சோயா வாங்கி விதைத்து, விளைந்ததிலிருந்து அடுத்தடுத்த போகத்துக்கும் எடுத்து வைத்த பௌமன் என்ற விவசாயிக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2001 சட்டம், பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைக்கூட எடுத்து வைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது; வணிக முத்திரையிட்டு மட்டும் விற்கக் கூடாது. எனக்கு நியாயமாகப் படுவது இதுதான்.

கேள்வி: லாபமில்லாவிட்டால் புது ரகத்தை யார் உருவாக்குவார்கள்?

பதில்: லாப நோக்கமில்லாத, பொது நலனுக்கான ஆராய்ச்சி நிலையங்கள். 1966-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐஆர் 8 ரகத்தைக் காப்புரிமை இல்லாமலேயே வெளியிட்டது. ஒரு விவசாயியிடமிருந்து இன்னொருவருக்கு அது தாராளமாகக் கைமாறியது. ஆனால் ஒரு ரகம் உருவாகப் பெரும்பாலும் பத்து வருஷம்கூட ஆகும். மூன்று வருஷத் திட்டமாக நிதி ஒதுக்கினால், வரிசைகள் சீராவதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடும்.