பயணத்தில் பிள்ளைகளின் கை: சோப்புச் சீவலும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும்

கேள்வி: எனக்கு 5 வயதில் மகள், 3 வயதில் மகன். ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். விடுமுறையில் புதுச்சேரி போய்வந்தோம். வந்த மறுநாளே சின்னவனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். இரண்டு நாள் படாதபாடு பட்டுவிட்டோம். அடுத்த மாதம் பேருந்தில் சென்னை போகிறோம். வண்டலூர், மெரினா, மயிலாப்பூர் கோயில் எல்லாம் பார்க்கத் திட்டம். பிள்ளைகள் கண்டதையும் தொட்டுவிட்டு விரலை வாயில் வைக்கிறார்கள். உறவினர் ஒருவர் ஆல்கஹால் இல்லாத மூலிகை ஸ்பிரே விற்கிறார். ஒருமுறை அடித்தால் 24 மணி நேரம் கிருமி அண்டாது என்கிறார். பாட்டில் 650 ரூபாய். வாங்கலாமா? இல்லை, வைப்ஸ் எனும் ஈரத் துடைப்புத் தாள் போதுமா?

பதில்: வாங்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஸ்பிரே விவகாரம் எனக்குப் பழகிப்போன ஒன்று. நான் குழந்தை டாக்டர். மாதத்துக்கு ஒரு தாயாவது இப்படி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறார். விற்றவர் பெரும்பாலும் சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் யாரோ கூட்டம் போட்டு, படம் காட்டி, நாலு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் குழந்தையின் கை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பிரே அடித்த அடுத்த நிமிடம் அவன் பேருந்துக் கம்பியைப் பிடிப்பான், செருப்பைத் தொடுவான், மண்ணை அள்ளுவான். வியர்வையில் பாதி போகும், சட்டையில் துடைத்ததில் மீதி போகும். காலையில் பூசி இரவு வரை கைச் சுத்தத்தைக் காப்பாற்றும் மருந்து எதுவும் கிடையாது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 24 மணி நேரப் பாதுகாப்பு இருக்கிறதே என்று நம்பி, சாப்பிடும் முன் கை கழுவுவதை நீங்களே விட்டுவிடுவீர்கள்.

சோப்பு வேலை செய்யும் விதம் எளிது. கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அழுக்கிலும்தான் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சோப்பு அந்தப் பிசுக்கைத் தளர்த்துகிறது, தண்ணீர் அதைக் கிருமியோடு சேர்த்து அடித்துக்கொண்டு போகிறது. கிருமியைக் கொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, கையைவிட்டுப் போனால் போதும். அதனால்தான் ‘கிருமிநாசினி சோப்பு’ என்று கூடுதல் விலைக்கு வாங்குவதில் பலன் இல்லை என்கிறேன். கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. சோப்பு கொடுத்து, கை கழுவவும் பழக்கிய வீடுகளில் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாதாரண சோப்புக்கும் கிருமிநாசினி சோப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவில் 2016-இல் டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி உட்பட 19 ரசாயனங்களைக் கை கழுவும் சோப்பில் சேர்க்கவே தடை விதித்தார்கள். சாதாரண சோப்பைவிட அவை மேல் என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. வீட்டில் குளிக்கும் சோப்பே போதும்.

பயணத்துக்கு நான் சொல்லும் வழி இது. குளியல் சோப்புக் கட்டியைக் காய்கறிச் சீவியில் மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒரு மணி நேரம் காற்றில் உலரவிட்டு, சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கழுவலுக்கு ஒரு சீவல். உலர்ந்த விரலால் எடுங்கள், ஈரம் பட்டால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில். மூடியில் சூடு காட்டிய ஊசியால் நாலைந்து ஓட்டை போடுங்கள். பாட்டிலைக் கவிழ்த்து அமுக்கினால் பூவாளி மாதிரி தண்ணீர் வரும். குழாயைத் திறந்துவிட்டால் ஓடிப்போகும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு போதும். நான் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது அரை லிட்டரில் ஐந்தாறு முறை சின்னக் கைகளைக் கழுவிவிடுகிறேன். குடிக்கும் தண்ணீர்ப் பாட்டிலோடு குழம்பாமல் இருக்க இதன் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவையுங்கள்.

முதலில் கையை நனையுங்கள். சீவலை அவன் உள்ளங்கையில் வைத்து, உங்கள் இரண்டு கைகளுக்குள் அவன் கையை வைத்துத் தேயுங்கள். 3 வயதுப் பிள்ளை தானாகத் தேய்த்தால் உள்ளங்கை மட்டும்தான் நனையும். விரல் இடுக்கு, கட்டைவிரலைச் சுற்றி, நகக்கண், இந்த மூன்றும்தான் விட்டுப்போகும் இடங்கள். நுரை கறுத்து வரும், அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அடுத்த முறை அவனே கையை நீட்டுவான். 20 எண்ணும்வரை தேய்த்தால் போதும். உங்கள் மகளுக்கு 5 வயது, அவளையே சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். கழுவியபின் முந்தானையில் துடைக்காதீர்கள். காலையிலிருந்து அதில் மூக்கும் வாயும் துடைத்திருப்பீர்கள். தனியாக ஒரு சுத்தமான பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையில் அழுக்கு சீக்கிரம் ஒட்டும் என்பதால் துடைப்பதும் முக்கியம். புறப்படுவதற்கு முந்தின நாள் இரண்டு பேருக்கும் நகம் வெட்டிவிடுங்கள்.

நாள் முழுக்கக் கையைக் கழுவிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். பிள்ளை மணலைத் தொடட்டும், வண்டலூரில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விலங்குகளைப் பார்க்கட்டும். தொடாதே தொடாதே என்று பின்னாலேயே போனால் அவனுக்கும் மகிழ்ச்சி இல்லை, உங்களுக்கும் இல்லை. எதையும் வாயில் வைக்கும் முன், கழிப்பறை போய்வந்தபின், குதிரை, நாய், ஆடு தொட்டபின் என மூன்று நேரம் தவறாமல் கழுவுங்கள். ‘எதையும்’ என்பதில் மெரினாவின் சுண்டலும் மாங்காய்த் துண்டும் அடக்கம். சாப்பாட்டை மட்டும் கணக்கில் வைத்து, நொறுக்குத் தீனியை விட்டுவிடுகிறோம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சின்னவனுக்கு யார் ஊட்டுகிறார்கள்? நீங்கள்தானே. அவனுக்குக் கால் கழுவிவிட்டதும், கண்டக்டரிடம் சில்லறை வாங்கியதும் அதே கை. வயிற்றுப்போக்கோடு வரும் பிள்ளைகளின் கையைப் பார்ப்பதற்கு முன்னால் நான் தாயின் கையைத்தான் பார்ப்பேன். புதுச்சேரியில் என்ன நடந்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவன் கையைக் கழுவிவிடும் முன் உங்கள் கையைக் கழுவுங்கள்.

வைப்ஸ் கேட்டிருந்தீர்கள். முகத்தில் ஒட்டிய ஐஸ்கிரீமைத் துடைக்க நல்லது. கைக்கு அது கழுவல் ஆகாது, அழுக்கை இந்த விரலிலிருந்து அந்த விரலுக்குப் பரப்பிவிடும்.

இனி சானிடைசர். எனக்கு அதன்மேல் விரோதம் இல்லை. உங்கள் பயணத்தில் அதற்கு ஒரே ஓர் இடம் உண்டு, ஓடும் பேருந்து. நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், பிள்ளை பிஸ்கட் கேட்கிறான், தண்ணீர் ஊற்றிக் கழுவ வழியில்லை. கை பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது. அப்போது பயன்படுத்துங்கள். கையில் மண்ணோ எண்ணெயோ சாக்லேட்டோ இருந்தால் பயன்படாது. அழுக்குக்கு மேல் ஆல்கஹாலை ஊற்றினால் அடியில் இருக்கும் கிருமியை அது எட்டாது. கழிப்பறைக்குப் பின்னும் அது போதாது. பிள்ளைகளுக்கு வாந்திபேதி உண்டாக்கும் நோரோ வைரஸை ஆல்கஹால் சரியாகக் கொல்வதில்லை. ஆசனவாயில் அரிப்பு உண்டாக்கும் நூல்புழுவின் முட்டைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. இவை இரண்டும் சோப்பில் கழுவினால்தான் போகும். பேருந்தில் பயன்படுத்துவதாக இருந்தாலும் பாட்டிலில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கை முழுக்க நனையும் அளவு ஊற்றி, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும், துடைக்கக் கூடாது. காய்ந்தபின்தான் பிஸ்கட். பாட்டில் உங்கள் கைப்பையில், ஜிப் போட்டு இருக்கட்டும். மிட்டாய் வாசனையும் கார்ட்டூன் படமும் போட்ட பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள். சிறு பிள்ளை கொஞ்சம் குடித்துவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடலாம். கடை வாசலில் காலால் மிதிக்கும் ஸ்டாண்டு இருந்தால் பிள்ளையை அதன் முன்னால் நிறுத்தாதீர்கள். அந்தக் குழாய் அவன் கண்ணுக்கு நேராக இருக்கும். அப்படிக் கண்ணில் பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவி, மருத்துவரிடம் போங்கள்.

மயிலாப்பூர் போவதாகச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். சானிடைசர் தடவிய ஈரக் கையோடு தீபாராதனைத் தட்டில் கை காட்டவிடாதீர்கள். அது எரியும் பொருள். கோயிலில் குழாயடி இருக்கும், உங்கள் டப்பாவில் சோப்பு இருக்கிறது, அது போதும்.

எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். சானிடைசர் விற்க மருந்து விற்பனை உரிமம் வேண்டாம் என்று கொரோனா நேரத்தில், 2020 ஜூலையில், விலக்குக் கொடுத்தார்கள். அன்றைய தட்டுப்பாட்டுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அதன்பின் செருப்புக் கடையிலும் வண்டியிலும் பெயர் தெரியாத பாட்டில்கள் வந்துவிட்டன. கேனில் வாங்கிப் பாட்டிலில் நிரப்பி விற்பவர்களும் உண்டு. ஆல்கஹாலுக்குப் பதில் மெத்தனால் கலந்திருந்தால் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே போனால் கண்பார்வையைப் பறிக்கும் விஷம் அது. தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சிட்ட பாட்டிலை மெடிக்கலில் ரசீதோடு வாங்குங்கள்.

இவ்வளவு மூட்டையும் ஒரு தாய் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. வருடா வருடம் அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள் என்று பேனர் கட்டுகிறோம். சுற்றுலா இடத்தில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் கழிப்பறையில் ஒரு சோப்புத் துண்டு இருப்பதில்லை. கை கழுவுங்கள் என்று பலகை இருக்கும், அதன் கீழே உள்ள குழாய் 3 வயதுப் பிள்ளைக்கு எட்டாது, பல நாள் தண்ணீரும் வராது. நானே பல முறை மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் சோப்பு இல்லாத இடத்தில் கேளுங்கள். பத்து பேர் கேட்டால்தான் வைப்பார்கள்.

இவ்வளவு செய்தும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். கேட்காமலே எடுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். உடம்பில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். பொடிப் பாக்கெட் வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நீட்டினால் வாங்காதீர்கள். அந்தப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது 2025 அக்டோபரில்தான். அதுவரை எத்தனை பிள்ளைகளுக்கு மருந்து என்று நம்பிச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்திருப்போம். பேதியின்போது அதிகச் சர்க்கரை போக்கைக் கூட்டும். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்து சோர்ந்து கிடக்கிறான் என்றால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அங்கேயே மருத்துவமனைக்குப் போங்கள்.

உறவினர் மனம் நோகுமே என்று தயங்கினால், குழந்தை டாக்டர் கூடாது என்றுவிட்டார் என்று என்மேல் போட்டுவிடுங்கள். அந்த 650 ரூபாயில் ஒரு சோப்பும் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் வாங்கிய பிறகும் பிள்ளைகளுக்கு மெரினாவில் பலூன் வாங்கப் பணம் இருக்கும்.