கேள்வி – பதில்: சாக்கடை நீரில் எதைத் தேடுகிறார்கள்?

கேள்வி: எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து, கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கிக் கழிவுநீர் எடுத்தார்கள். கேட்டதற்கு, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என்றார்கள். எல்லார் வீட்டு நீரும் கலந்த சாக்கடையில் என்ன தெரிந்துவிடும்? எந்த வீட்டில் நோய் என்று கண்டுபிடித்துவிடுவார்களா?
– வாசகர், செல்லூர், மதுரை

பதில்: வீட்டைப் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம். அந்தக் குழாயில் வந்து சேரும் அத்தனை வீடுகளுக்கும் சேர்த்து ஒரே விடைதான் கிடைக்கும். இருந்தும் ஏன் எடுக்கிறார்கள் என்றால், ரத்தப் பரிசோதனை மருத்துவமனைக்கு வந்தவரை மட்டுமே காட்டும். சாக்கடையோ வராதவரையும் சேர்த்துக் காட்டும். போலியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவருக்குத்தான் கை கால் முடங்குகிறது. மற்றவர்கள், தங்களுக்குத் தொற்று வந்ததையே அறியாமல், வாரக்கணக்கில் மலத்தோடு கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். இதனால்தான் மும்பையில் 2001ஆம் ஆண்டிலேயே சாக்கடையில் போலியோவைத் தேடத் தொடங்கினார்கள். 2022இல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டபோது அங்கே கால் முடங்கிய குழந்தை ஒன்றுகூட இல்லை. என்றாலும் 1 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கூடுதல் தவணைத் தடுப்பூசி போடும் பணியைத் தொடங்கிவிட்டார்கள்.

எடுத்த நீரிலுள்ள கிருமிகளை முதலில் செறிவாக்குவார்கள். பிறகு, கொரோனா காலத்தில் மூக்கில் குச்சிவிட்டு எடுத்ததற்குச் செய்த அதே பிசிஆர் சோதனைதான். மழைநீர் கலந்தால் கிருமி குறைந்ததுபோல் தோன்றும் என்பதால், மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸையும் உடன் அளப்பதுண்டு. உணவிலுள்ள மிளகாயோடு வயிற்றுக்குள் போய், நமக்கு ஒரு தீங்கும் செய்யாமல் வெளியேறும் அந்த வைரஸின் அளவைக் கொண்டு, நீரில் மனிதக் கழிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிடலாம். நம் ஊர்ச் சாப்பாட்டில் அதற்குப் பஞ்சம் இருக்காது.

மதுரையைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாதாளச் சாக்கடையில் இணைந்த வீடுகளின் கழிவுநீர்தான் அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. செப்டிக் டேங்க் வைத்திருக்கும் புறநகர் வீடுகளும், உங்கள் பகுதிப் பந்தல்குடி கால்வாய் வழியாக வைகையில் கலக்கும் கழிவும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே, நிலையத்தின் வாயிலில் மட்டும் மாதிரி எடுத்து 100 வார்டுகளுக்கும் முடிவு சொன்னால், அதை நான் ஏற்கமாட்டேன். கால்வாயிலும், செப்டிக் டேங்க் லாரிகள் கழிவை இறக்கும் இடத்திலும் எடுத்தால்தான் இணைப்பில்லாத வீடுகளின் நிலை தெரியும்.

கேள்வி: டெங்குவையும் இப்படிக் கண்டுபிடிக்கலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: டெங்குவுக்கு இம்முறை அவ்வளவாக உதவாது. அது கொசுவின் மூலம் ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவர் ரத்தத்துக்குப் போகும் நோய். மலத்திலும் சிறுநீரிலும் வெளிவரும் வைரஸ் மிகக் குறைவு. டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலையில் குடிநீர் வழியாகப் பரவும் வகை ஆகியவற்றுக்கே இது பொருந்தும். டெங்குவுக்கு உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் பின்கட்டில் கிடக்கும் பழைய டயரிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.