பைசா செலவில்லாமல் மெயின்பிரேமில் லினக்ஸ் போட முடியுமா?

பெங்களூரு அலுவலகத்தில் இசட்/விஎம் (ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஐபிஎம் மென்பொருள்) ஓடும் மெயின்பிரேம் இருக்கிறது, பட்ஜெட் கிடையாது, இலவச லினக்ஸ் ஏதாவது போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். டெபியனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபிஎம் மெயின்பிரேமுக்கான அதன் எஸ்390எக்ஸ் பதிப்பு 2013இல் வந்த டெபியன் 7 முதல் இருக்கிறது. சந்தா, உரிமக் கட்டணம் எதுவும் இல்லை.

பிசியில் பழகியவர்கள் தடுமாறுவது பூட் செய்யும் இடத்தில்தான். யுஎஸ்பி குச்சியெல்லாம் இங்கே உதவாது. கர்னல், பார்ம்ஃபைல் (பூட் அமைப்புகள் உள்ள கோப்பு), இனிட்ஆர்டி (பூட்டின்போது தேவைப்படும் தற்காலிகக் கோப்பு முறைமை) மூன்றையும் இதே வரிசையில் விர்ச்சுவல் ரீடருக்கு (அட்டை படிக்கும் கருவியின் மெய்நிகர் வடிவம்) அனுப்பி, அதிலிருந்து பூட் செய்ய ‘ஐபிஎல் 00சி’ என்று கொடுக்க வேண்டும். கர்னலையும் இனிட்ஆர்டியையும் எஃப்டிபியில் ஏற்றும்போது பைனரி, 80 பைட் நிலையான ரெக்கார்டு என்று வைப்பது கட்டாயம். இதை விட்டால் பூட் ஆகாது. அப்புறம் 3270 டெர்மினலில் (மெயின்பிரேமின் எழுத்துத் திரை) நெட்வொர்க் விவரங்களைக் கேட்கும். கொடுத்ததும் எஸ்எஸ்எச் வழியே ‘இன்ஸ்டாலர்’ என்ற பயனராக நுழைந்து மீதி வேலையை முடிக்கலாம்.

டாஸ்டி (DASD, மெயின்பிரேமின் வட்டு) எண்ணை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை சரிபாருங்கள். ஃபார்மட் செய்தால் அதிலுள்ள அத்தனையும் போய்விடும், அது வேறொரு குழுவின் தரவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று: லினக்ஸ் இலவசம் என்பதால் எல்லாமே இலவசம் ஆகிவிடாது. உங்களுக்குத் தருவது ஐஎஃப்எல் பிராசசரா (லினக்ஸுக்கென்றே ஒதுக்கியது) என்று சிஸ்டம் புரோகிராமரிடம் கேளுங்கள். பொதுப் பிராசசர் என்றால், அதே இயந்திரத்தில் ஓடும் இசட்/ஓஎஸ் (ஐபிஎம்மின் மெயின்பிரேம் இயங்குதளம்) மென்பொருள் கட்டணம் ஏற வாய்ப்புண்டு.

அனுமதி கிடைக்கும்வரை மெயின்பிரேம் போலவே நடந்துகொள்ளும் ஹெர்குலிஸ் எமுலேட்டரை உங்கள் லேப்டாப்பில் போட்டுப் பழகுங்கள். அதுவும் இலவசம்தான். வேகம் குறைவு, ஆனால் நிறுவும் படிகள் பெரும்பாலும் இவைதான்.